காகிதக் கோட்டையின் வாசல்

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை நோக்கிச் செல்லும் சாலையில் ஊரைக் கடந்ததும் மலைகள் எழுந்து நிற்கின்றன. பாறைமேல் பாறையை யாரோ அடுக்கி வைத்தாற்போன்ற அம்மலைகளையும், அவற்றை வளைத்தோடும் மதிலையும் நாள்தோறும் பார்த்து வளரும் எங்கள் ஊர்க் குழந்தைகளுக்குக் கோட்டை என்பது பாடப்புத்தகச் சங்கதி அன்று. அது அண்டை வீட்டாரைப் போன்றது. ஆகவே, சென்ற ஆண்டு என் மகள் தன் மகனிடம், "உனக்கு ஆறு வயது நிறைகிறதே, என்ன வேண்டும்?" என்று கேட்டபோது, அவன் சற்றும் தயங்காமல், "கோட்டை வேண்டும்" என்றான்.

அந்த ஒரு சொல்லிலிருந்து எங்கள் வீட்டில் பெரியதொரு விவாதம் எழுந்தது. பிறந்தநாளைக் கொண்டாடலாமா? கொண்டாடுவதாயின் எவ்வாறு? யாருக்காக? இவ்வினாக்கள் எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. நம் சமுதாயத்தில் குழந்தை உள்ள இல்லங்களிலெல்லாம் இன்று எழுகின்றவைதாம். ஆதலின் நடந்ததையும், அது குறித்து நான் எண்ணியதையும் வாசகர்முன் வைக்கின்றேன்.

என் தலைமுறையினருக்குப் பிறந்தநாள் என்று ஒன்று இருந்ததே இல்லை. வலக்கையைத் தலைக்குமேல் வளைத்து இடச்செவியைத் தொடச் சொன்னார் தலைமையாசிரியர். விரல் செவியைத் தொட்டது. அவர் எழுதிய ஜூன் மாதத் தேதியே என் பிறந்தநாள் ஆயிற்று. அதற்காக எங்கள் பிறப்பை எவரும் மகிழ்ந்து வரவேற்கவில்லை என்று பொருளாகாது. ஏழாம் நாள் அகீகா கொடுத்தார்கள், பெயர் சூட்டினார்கள், தலைமுடி களைந்து, அதன் எடைக்கு எடை வெள்ளியின் பெறுமானத்தை ஏழைகளுக்கு அளித்தார்கள். ஒரு குழந்தை உலகுக்கு வந்ததன் முதல் அறிவிப்பு, அவ்வூர் ஏழையின் வீட்டு அடுப்பில் கறியாகக் கொதித்தது. வரவேற்பு என்பதற்கு அதனினும் சிறந்த இலக்கணம் வேறு என்ன இருக்க முடியும்?

ஆண்டுதோறும் அந்நாளை நினைவுகூர்வது பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பிற சமயத்தாரின் பழக்கத்தைப் பின்பற்றுவதாகும் என்று தடுப்போரும் இருக்கின்றனர். வணக்கமாகக் கருதாமல் மகிழ்ச்சியாக மட்டும் கொண்டால் குற்றமில்லை என்போரும் இருக்கின்றனர். அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் திங்கட்கிழமை நோன்பைப் பற்றி வினவப்பட்டபோது, அது தாம் பிறந்த நாள் என்று குறிப்பிட்டதாக நபிமொழி கூறுகின்றது. அந்த நன்றி, நோன்பாக வெளிப்பட்டது என்பதை மட்டும் இங்கு நினைவூட்டி அமைகின்றேன். தீர்ப்பு வழங்கும் தகுதி எனக்கில்லை. என் வினா அதற்கு அடுத்த படியில் நிற்பது: கொண்டாடுவது என்று ஒரு வீட்டார் முடிவு செய்துவிட்டால், அந்தக் கொண்டாட்டத்திலுள்ள அறம் யாது?

அதற்கு முன்னர் உறவினர் ஒருவரின் இல்லக் குழந்தைக்கு மண்டபம் பிடித்து விழா நடத்தினார்கள். மேசையளவு கேக், மின்விளக்கு வளைவு, ஒலிபெருக்கி, ஒரே நிறத்தில் ஆடையணிந்த பெரியவர்கள், எதற்கும் குறைவில்லை. மெழுகுவர்த்தி நட்ட இந்தக் கேக் வழக்கம் 18ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் வீட்டு அடுப்பங்கரையில் தோன்றியது. நம்மிடம் வந்து சேரும்போது அது கடைச் சரக்காகிவிட்டது. அன்று புகைப்படக்காரர் இப்படித் திரும்பு, அப்படிச் சிரி என்று ஏவிக்கொண்டேயிருக்க, விழா நாயகனாகிய அக்குழந்தை இரவு ஒன்பது மணிக்கு அழுதுகொண்டே உறங்கிவிட்டது. பெற்றோரின் அன்பில் ஐயமில்லை. ஆனால் அந்த அன்பு குழந்தையை நோக்கிச் செல்லாமல், வந்திருந்தோரின் கண்களை நோக்கிச் சென்றுவிட்டது.

இதைக் கண்டிருந்த என் மகள், "அத்தா, மண்டபமும் வேண்டா, ஒன்றும் வேண்டா என்ற மறுப்பும் வேண்டா. அவன் கேட்ட கோட்டையை நாமே வீட்டில் கட்டுவோம்" என்றாள். நான் அரை மனத்தோடு இசைந்தேன்.

மளிகைக் கடையிலிருந்து அட்டைப்பெட்டிகள் வந்தன. மைதா மாவில் பசை காய்ச்சினார்கள். பெட்டிகளின்மீது பழைய செய்தித்தாளைக் கசக்கி ஒட்டி, செம்மண்ணும் சுண்ணாம்பும் குழைத்துப் பூச, மூன்று மலைகள் எழுந்தன: இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. உண்மைக் கோட்டையின் மதில் அம்மூன்று மலைகளையும் இணைத்துப் பல கல் தொலைவு ஓடுகின்றது. எங்கள் மதில் கூடத்தின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை ஓடியது. இராஜகிரியின் உச்சியை அடையும்முன் ஆழமானதொரு பாறைப் பிளவும் அதன்மேல் பாலமும் உண்டல்லவா? அங்கே ஒரு குச்சி பாலமாயிற்று. தீப்பெட்டிகளை அடுக்கிக் கல்யாண மகாலைச் செய்தார்கள். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் 1717-18இல் கோட்டைக்குள் எழுப்பிய பள்ளிவாசலை நான் செய்து தந்தேன். அதன் குவிமாடங்கள் இரண்டாகப் பிளந்த கொட்டாங்கச்சிகள். அளவில் அவை சற்றுப் பெரியனவாகிவிட்டமை குறித்துப் பேரன் இன்றும் என்னைக் குறை கூறுகின்றான்.

வேலையில் ஈடுபட்ட சிறுவர் மூவர். அவர்களுள் ஒருவன், எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் பெண்மணியின் மகன். என் பேரனுக்கு இரண்டு வயது மூத்தவன். களிமண்ணைப் பிசைந்து மதிலுக்குக் கொத்தளம் பிடிப்பதில் அவன் விரல்களுக்கு இருந்த திறம் எங்கள் எவருக்கும் இல்லை. மூன்று மாலைகள் அமர்ந்து மதில் முழுவதையும் அவனே முடித்தான்.

அந்த நாள் வந்தது. ரவை, முட்டை, நெய், சர்க்கரை சேர்த்து, மேலும் கீழும் தணலிட்டுச் சுட்ட பணியாரமே கேக்கின் இடத்தில் அமர்ந்தது. பனையோலைக் காற்றாடிகளும் வேர்க்கடலை உருண்டைகளும் வந்த குழந்தைகளுக்குரியவை. அன்பளிப்பு எதுவும் கொண்டுவர வேண்டா என்று முன்னரே சொல்லியனுப்பியிருந்தோம். எல்லாம் செம்மையாகவே நடந்தது, விளையாட்டுத் தொடங்கும்வரை.

கோட்டை என்றால் போர் வேண்டும். போர் என்றால் பகைவன் வேண்டும். பேரன் அரசன், ஏனையோர் தளபதிகள். பகைவனாக எவரும் இசையவில்லை. அப்போது வந்திருந்த சிறுவருள் மூத்தவன் ஒருவன், மதிலைக் கட்டிய அந்தப் பையனைச் சுட்டி, "நீ வெளியே போய் நில். நீதான் எதிரி" என்றான். எவரும் மறுக்கவில்லை. அந்தப் பையனும் மறுக்கவில்லை. எழுந்து சென்று, வாசற்படிக்கு அப்பால், எல்லாருடைய செருப்புகளும் கிடந்த இடத்தருகே நின்றுகொண்டான்.

அதை முதலில் கண்டவன் நான். குழந்தைகளின் விளையாட்டுத்தானே என்று வாளாவிருந்துவிட்டேன். அந்த வாளாமைதான் இக்கட்டுரையை என்னை எழுதவைத்தது. எத்தனையோ பேரில் அந்த விரல் ஏன் அவனை மட்டும் சுட்டியது? அவன் ஏன் சிறிதும் வியப்பின்றி எழுந்து போனான்? இரண்டு வினாக்களுக்கும் விடை அந்தச் சிறுவர்களிடம் இல்லை. பெரியவர்களாகிய நம்மிடம் இருக்கின்றது. யாரை உள்ளே அமர்த்துகிறோம், யாரைப் பின்வாசல் வழியே வரச் சொல்கிறோம் என்பதைக் குழந்தைகள் நம்மைப் பார்த்தே கற்றிருக்கின்றனர்.

என் மகள் அடுப்பங்கரையிலிருந்து வந்தாள். யாரையும் கடியவில்லை. கோட்டைமுன் அமர்ந்து, "இந்த மதிலைக் கட்டியவர் யார்?" என்று கேட்டாள். அனைவரும் வெளியே நின்றவனைக் காட்டினர். "கட்டியவன் வெளியே நின்றால் கோட்டை யாருக்கு?" என்றாள். பின்னர் 1714ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னாள். ஆற்காட்டு நவாபின் படை வந்தபோது இளைஞனாகிய தேசிங்கு ராஜன் சிறு படையோடு எதிர்த்து மாண்டான். அவனோடு தோள் சேர்த்து நின்று உயிர்விட்டவன் அவன் நண்பன் மகபத் கான். மணக்கோலத்திலிருந்து எழுந்து நண்பனுக்காகப் போர்க்களம் சென்றான் என்று நாட்டுக்கதை கூறும். எதிரே வந்த நவாபோ அவனுடைய மார்க்கத்தவரே. "அவன், யார் எதிரி என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, யார் நண்பன் என்று பார்த்தான்" என்று முடித்தாள்.

சிறிது நேரம் அமைதி. பிறகு என் பேரன் கத்தரிக்கோலைக் கேட்டான். வரைபடம்போல் ஒடுங்கியிருந்த அட்டை வாயிலை, இரு கைகளும் நுழையும் அளவுக்கு வெட்டிப் பெரிதாக்கினான். விளையாட்டும் மாறிற்று. கோட்டையிலிருந்த களஞ்சியத்தை நிரப்புவது புதிய ஆட்டம். பொதுக் கூடையிலிருந்து ஆளுக்கொரு பிடி அரிசி எடுத்து, மதிலைச் சாய்க்காமல் வாயில் வழியே கொண்டுசென்று சேர்க்க வேண்டும். 1690இல் தொடங்கிய மொகலாயர் முற்றுகையை 1698வரை அக்கோட்டை தாங்கி நின்றதென்றால், மதிலும் பீரங்கியும் மட்டுமா காரணம்? உள்ளே நெல்லும் நீரும் இருந்தமையும் அன்றோ காரணம்! மதிலை உடைக்காமல் கையை நுழைக்கும் வித்தையை அனைவர்க்கும் கற்றுக்கொடுத்தவன், வெளியே நின்ற அதே பையன்.

இந்நிகழ்ச்சியிலிருந்து நான் தெளிந்தவை சில உண்டு.

வீட்டில் செய்தது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. மண்டபத்து விழா ஏழையைச் செலவால் ஒதுக்குகின்றது என்று குறை கூறினேன். எங்கள் வீட்டு விழா ஒரு சிறுவனின் ஒற்றை விரலால் ஒதுக்கிற்று. செல்வரை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் விருந்தின் உணவே உணவுகளில் தீயது என்று எச்சரித்த மார்க்கம் நம்முடையது. அழைத்துவிட்டு வாசலில் நிறுத்துவது அதனினும் எவ்வகையில் குறைந்தது?

ஆயினும் கையால் செய்ததற்கு ஒரு சிறப்பு உண்டு; அதனைத் திருத்த முடியும். விலைக்கு வாங்கிய கொண்டாட்டம் முடிந்த பொருள். அதில் குறை கண்டாலும் அடுத்த ஆண்டு வேறொன்றை வாங்கலாமேயன்றி, அங்கேயே அப்போதே மாற்ற இயலாது. நாமே கட்டியதன் வாயிலை நாமே வெட்டி அகலமாக்கலாம். குழந்தைக்கு இதனினும் பெரிய பாடம் ஏது? மனிதர் ஏற்படுத்திய ஏற்றத்தாழ்வு, மனிதராலேயே மாற்றத்தக்கது என்பதை ஆறு வயதில் கத்தரிக்கோலால் கற்றவன் அறுபது வயதிலும் மறவான்.

மற்றொன்று. வயது என்பது காலம். கழிந்த ஓராண்டைக் கொண்டாடத் தகுந்த பரிசும் காலமே. மூன்று மாலைகள் தாயும் பாட்டனும் தோழரும் தரையில் அமர்ந்து தந்த நேரத்துக்கு ஈடான பொருள் எந்த அங்காடியிலும் இல்லை. ஆனால் அந்த நேரத்தைத் தந்தவர் யார் என்பதையும் நேர்மையோடு கணக்கிட வேண்டும். சிக்கனமாக முடித்துவிட்டோம் என்று ஆண்கள் பெருமை பேசிக்கொண்டிருந்தபோது, இரவு பதினொரு மணிக்கு முதுகு வலியோடு கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தவள் என் மகள். அவளுடைய உறக்கத்துக்கு விலையில்லை என்று கருதினால்தான் அது சிக்கனம். வீட்டு விழா அறமாக வேண்டுமாயின், துடைப்பத்தை ஏந்தும் கை தந்தையுடையதாகவும் இருத்தல் வேண்டும். அன்றிரவு மீதித் தரையை நானும் மருமகனும் பெருக்கினோம். பிந்தியதுதான், எனினும் பெருக்கினோம்.

விளையாட்டுக்கு இத்தனை தத்துவமா என்று நகைப்போர் இருக்கலாம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருள்களுக்கிடையே, கந்தைத் துணியால் செய்த இறக்கைகளோடு ஒரு குதிரை இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று அண்ணலார் வினவ, நபி சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்படவில்லையா என்று அன்னையார் மறுமொழி தர, அண்ணலார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் என்று நபிமொழித் தொகுப்பு கூறும். அரேபியா முழுவதன் பொறுப்பும் தோள்மேல் இருந்த பெருமானாருக்கு, ஒரு கந்தைத் துணிக் குதிரையைக் கண்டு வினவவும் சிரிக்கவும் நேரம் இருந்தது. நமக்கு இல்லையா?

2025ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் படைத்தளங்கள் என்னும் வரிசையில் 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றுள் தமிழகத்தைச் சேர்ந்தது செஞ்சி ஒன்றே. கற்கோட்டை இனிக் காக்கப்படும் என்று மகிழ்கின்றோம். எங்கள் காகிதக் கோட்டையோ, முற்றத்தில் வைத்த மறுவாரமே மழையில் கரைந்துவிட்டது. களஞ்சியத்து அரிசி மட்டும் உரியவர் வீட்டுக்கு முன்னரே சென்றிருந்தது.

கரைந்த மண்ணைப் பார்த்துப் பேரன் அழுவான் என்று எண்ணினேன். அவன் கேட்டதோ வேறு: "நன்னா, அவனுக்குப் பிறந்தநாள் எப்போது?" அவன் தாயிடம் கேட்டோம். அவருக்குத் திட்டமாகத் தெரியவில்லை. பள்ளியில் எழுதிய தேதியைச் சொன்னார். என்னுடையதைப் போலவே அதுவும் ஒரு ஜூன் மாதத் தேதி. அந்நாளுக்கு இப்போதே அட்டைப்பெட்டி சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள் இருவரும். இம்முறை கோட்டை இல்லையாம். எங்கள் ஊருக்கு இன்னும் வந்து சேராத ரயில் வண்டியாம். எத்தனை பெட்டிகள் என்று கேட்டேன். வருகின்றவர்கள் அனைவருக்கும் இடம் இருக்கும் அளவுக்கு என்றார்கள்.