யார் கணக்கில் மிச்சம்?



சிக்கனம் நற்பண்பு என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால் அது தொட்டிலருகே வந்ததும் நம்மிற் பலருக்குக் கூச்சம் உண்டாகின்றது. “பிள்ளையின் காரியத்திலும் கணக்குப் பார்ப்பதா?” என்கிறோம். அப்படிச் சொல்லிக்கொண்டே, பார்க்க வேண்டிய இடத்தில் கணக்கைப் பாராமல் விட்டு, பார்க்கக்கூடாத இடத்தில் பார்க்கத் தொடங்குகிறோம். வாசனைப் பவுடரும் விலையுயர்ந்த சவர்க்காரமும் வாங்கும் அதே வீட்டில், ரின் இன்னும் நான்கு நாள் செல்லட்டும் என்று பால்மாவை ஒரு கரண்டி குறைத்துக் கரைக்கிறார்கள்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே பால்மாவுக்கும் மருந்துக்கும் அலைந்த பெற்றாருக்கு இது ஏட்டுக் கேள்வியன்று. குழந்தையின் செலவில் மிச்சம் பிடிப்பது எப்போது அறம்? எப்போது அநீதி?

பணத்தைக் கையாளும் நற்பண்பை ஊதாரித்தனத்துக்கும் உலோபத்துக்கும் நடுவே வைத்தார் அரிஸ்டோட்டில். தக்கவருக்கு, தக்க அளவில், தக்க வேளையில் கொடுப்பதே அந்நடுநிலை. இதை வீட்டுக்குக் கொண்டுவர ஒரு கேள்வி போதும்: இந்த மிச்சத்துக்கு விலை கொடுப்பவர் யார்? விலையில்லாத மிச்சம் உலகில் இல்லை. யாரோ ஒருவர் எதையோ இழக்கத்தான் செய்கிறார்.

சில மிச்சங்களுக்கு விலை கொடுப்பது நமது பெருமை மட்டுமே. மூத்த பிள்ளையின் சட்டையை இளையவருக்கு உடுத்தினால் ஊரார் என்ன சொல்வார்கள் என்ற எண்ணம் சற்று நோகும். குழந்தைக்கு ஒன்றும் நோகாது. துவைத்து வெயிலில் உலர்த்திய பழைய வேட்டித்துண்டு அதற்குப் போதும். பவுடர் தேவையே இல்லை. அத்தூளை மூச்சோடு இழுப்பது குழந்தைக்குத் தீங்கு. ‘கிறைப் வோட்டர்’ 1851இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. தொடக்கத்தில் அதில் மதுசாரமும் கலந்திருந்தது. அழுத குழந்தை அமைதியானதில் வியப்பென்ன? இன்று அதில் மதுசாரம் இல்லை. ஆயினும் முதல் ஆறு மாதமும் தாய்ப்பாலன்றித் தண்ணீர்கூட வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

மருந்திலும் இப்படியே. ஒரே பரசிட்டமோல் பல வர்த்தகப் பெயர்களில் பல விலைக்கு விற்கப்படுகின்றது. மருந்தை அதன் மூலப்பெயரால் எழுதவும் வாங்கவும் வேண்டும் என்று பேராசிரியர் சேனக பிபிலே 1970களில் நம் நாட்டிலே வாதாடினார். ஏழையின் பணம் பெயருக்குச் செலவாகாமல் மருந்துக்குச் செலவாக வேண்டும் என்பதே அவ்வாதத்தின் உட்பொருள். ஆகவே, “இதே மருந்து குறைந்த விலையில் உண்டா?” என்று வைத்தியரிடமும் பாமசியிலும் கேட்பது வெட்கமன்று. அரசாங்க கிளினிக்கில் தடுப்பூசி இலவசம். நிறை பார்ப்பதும் இலவசம். இலவசம் என்பதாலேயே அவற்றைத் தாழ்வாக நினைப்பது, அன்பை விலைச்சீட்டால் அளக்கும் பழக்கத்தின் மறுபக்கம்.

மலிவானது மட்டமானதன்று என்பதற்கு ஒரு சான்று. 1971இல் மேற்கு வங்காள எல்லையிலிருந்த அகதி முகாமொன்றில் வாந்திபேதி பரவியது. நாளத்தில் ஏற்றும் சேலைன் தீர்ந்தபோது, வைத்தியர் திலீப் மகலநாபிஸ் உப்பையும் குளுக்கோசையும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த மரணம் நான்குக்கும் கீழே இறங்கிற்று. இன்று ‘ஜீவனி’ பைக்கற்றில் இருப்பதும் அதே வகைக் கரைசலே. பைக்கற் கிடையாத வேளையில், கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் தட்டையாக 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். இதில் சிக்கனம் செய்யக்கூடாதது அளவு ஒன்றே. உப்பு மிஞ்சினால் ஆபத்து.

இனி, குழந்தையே விலை கொடுக்கும் மிச்சங்களைப் பார்ப்போம். ஐதாகக் கரைத்த பால் வயிற்றை நிரப்பும், உடலை வளர்க்காது. குழந்தை அழாமல் மெலியும். ஏழை நாட்டுத் தாய்மார் விளம்பரத்தை நம்பிப் பால்மாவுக்கு மாறி, வாங்க இயலாமல் ஐதாகவும், சுத்தமற்ற தண்ணீரிலும் கரைத்துக் கொடுத்ததால் நேர்ந்த இழப்பை 1974இல் பிரித்தானியாவில் வெளியான சிறுநூலொன்று அம்பலப்படுத்தியது. அதன்பின் எழுந்த கிளர்ச்சியின் பயனாக, 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை இத்தகைய பால்மா விற்பனைக்கு விதிக்கோவை வகுத்தது. 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தது ஐக்கிய அமெரிக்கா ஒன்றே.

அண்ணனுக்குக் கொடுத்து மிஞ்சிய அன்டிபயோட்டிக் பாணியைத் தங்கைக்கு ஊற்றுவதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. காய்ச்சல் தணிந்ததென்று வைத்தியர் சொன்ன நாளுக்கு முன்பே மருந்தை நிறுத்தி மீதியைச் சேமிப்பதும், “நாளைக்குப் பார்ப்போம்” என்று பஸ் காசுக்காக ஆஸ்பத்திரிக்குப் பிந்துவதும் அப்படியே. இவற்றை நாம் சிக்கனம் என்கிறோம். பேசத் தெரியாத ஒருவரின் பங்கை எடுத்து நம் பையில் வைப்பதற்கு வேறு பெயர் உண்டு. ஆனால் கையில் காசே இல்லாமல் கரண்டியைக் குறைக்கும் தாய்மீது அந்தக் குற்றத்தைச் சுமத்துவது நீதியாகாது. அங்கே குற்றம் கண்டும் காணாத அயலாராகிய நம்முடையது.

மூன்றாவது கணக்கொன்று உண்டு. அதை நாம் எழுதுவதே இல்லை. தாய்ப்பால் செலவில்லாதது என்று எல்லாரும் சொல்கிறோம். உண்மையில் அதற்குத் தாய் விலை கொடுக்கிறாள். தன் உறக்கத்தால், உடலால், சில வேளை நாட்கூலியால். வீட்டிலே எல்லாரும் உண்டபின் சட்டியில் மிஞ்சியதை அவள் உண்டால், குடும்பம் மிச்சம் பிடித்தது அவளிடமிருந்தே. பால்மாவுக்குச் செல்லாத பணத்தில் முதற்பங்கு அவள் கோப்பைக்கு மீனாகவும் முட்டையாகவும் கீரையாகவும் போக வேண்டும். இரவில் அழும் பிள்ளையைத் தகப்பன் தூக்கட்டும். மாமியார் ஒருவேளை உலையை ஏற்றட்டும். பால் கொடுக்க இயலாத தாயும் உண்டு. அவளைக் குத்திப் பேசாதீர்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சாதாரண பால்மா ஆகாது. வைத்தியர் சொல்லும் குழந்தைப் பால்மாவை ரின்னில் எழுதிய அளவிலேயே கரைக்க வேண்டும்.

ஆகவே, வாசகரே, அடுத்த முறை கடை வாசலில் நிற்கும்போது, “எவ்வளவு மிச்சம்?” என்பதோடு “யார் கணக்கில்?” என்றும் கேளுங்கள். உங்கள் பெருமையின் கணக்கிலானால் தயங்காமல் மிச்சம் பிடியுங்கள். பிள்ளையின் உடலிலிருந்தோ அதன் தாயின் தட்டிலிருந்தோ வருவதானால், அந்தப் பணத்தை இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது உங்களுடையதன்று.