சொல்லிக்கொண்டு போவது

"சாமி, இப்போதே சொல்லிவிடுவதா, போகும்போது சொல்லிக்கொள்வதா?"

மாலைத் திருப்பலி முடிந்து பங்கு இல்லத் திண்ணையில் அமர்ந்திருந்த நம்மிடம் ஒருவர் கேட்ட கேள்வி இது. அவருக்கு வயது 61. மளிகை மொத்த வியாபாரக் கடையொன்றில் 34 ஆண்டுகளாகக் கணக்கெழுதுபவர். சிட்டையும் பேரேடுமாக இருந்த அக்கடையின் கணக்கு கணினிக்கு மாறியபோது, ஐம்பதைக் கடந்த வயதில் அண்டை வீட்டுப் பையனிடம் அமர்ந்து அதைப் பழகிக்கொண்டவர். இப்போது கண்பார்வை மங்கி வருகிறது. இரவு ஒன்பது மணிவரை கடையில் இருக்க உடல் இடங்கொடுப்பதில்லை. வரும் மார்ச் 31இல் ஆண்டுக் கணக்கை முடித்து ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெறுவதென்று அவரும் அவர் துணைவியாரும் முடிவு செய்துவிட்டனர். அவர் நம்மிடம் வந்தது செப்டம்பர் மாதத்தில். இந்த முடிவை முதலாளிக்கு எப்போது அறிவிப்பது என்பதே அவரது ஐயம்.

அரசுப் பணியாளருக்கு இத்தகைய ஐயம் எழுவதில்லை. தமிழக அரசு ஓய்வு வயதை 2020இல் 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்த்தியது. எப்படியாயினும் போகவேண்டிய நாள் இரு தரப்பும் அறிந்த நாளே. இடையில் தாமாக விலக விரும்புவோர் மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுக்கவேண்டும் என்பது விதி. நம் கணக்கரின் கடையிலோ வேலை செய்வோர் ஏழே பேர். நியமனக் கடிதம் என்று ஒன்றை அங்கே எவரும் கண்ணால் கண்டதில்லை. பத்துப் பேருக்குக் குறைந்த கடைகளை 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் தன் வரம்புக்குள் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே அவர் வெளியேறும்போது கைக்கு ஏதேனும் வருமாயின், அது சட்டத்திலிருந்து அன்று, முதலாளியின் மனத்திலிருந்தே வந்தாகவேண்டும். அந்த மனம் எப்பக்கம் திரும்பும் என்பதுதான் அவரது அச்சம்.

அச்சத்திற்குக் காரணமும் இருந்தது. அக்காரணத்தில் நமக்கும் பங்குண்டு என்பதை வாசகரிடம் மறைப்பதற்கில்லை.

நாம் இப்பங்கிற்கு வந்த புதிதில், அதே கடையில் சரக்கு எடைபோட்டுக்கொண்டிருந்த ஒருவர் இதே கேள்வியோடு வந்தார். முதுகுவலி அவருக்கு, தீபாவளி கழிந்ததும் நின்றுவிட எண்ணியிருந்தார். நாம் இமைப்பொழுதும் தயங்கவில்லை. மனத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு முகத்தில் ஒன்றைக் காட்டுவது நேர்மையன்று, நாளைக்கே சொல்லிவிடுங்கள் என்றோம். அவரும் சொன்னார். "போகிறவனுக்கு எதற்குப் போனஸ்? நாளையிலிருந்தே வரவேண்டாம்" என்று பதில் வந்தது. மூன்று மாதச் சம்பளமும், கடை வழக்கப்படி தீபாவளிக்குத் தரும் ஒரு மாதத் தொகையும் போயின. மகளின் செவிலியர் படிப்புக்கான கட்டணத்திற்கென்று அவர் எண்ணி வைத்திருந்த பணம் அது. அடுத்த ஞாயிறு அவர் வழக்கம்போல் வந்தார்; வழக்கம்போல் "தோத்திரம் சாமி" என்றார். நம்மைக் குறைகூறி ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. கூறியிருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஆகவே இம்முறை உடனே விடை சொல்ல நா எழவில்லை. ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்று அவரை அனுப்பிவிட்டு, குருமடத்தில் படித்தவற்றைப் புரட்டத் தொடங்கினோம்.

அறநெறி இறையியல் வகுப்பில் எங்கள் பேராசிரியர் விரும்பிச் சொல்லும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ரோமானிய அறிஞர் சிசரோ, கடமைகளைப் பற்றிய தம் நூலின் மூன்றாம் பகுதியில் அதை எழுப்புகிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து தானியக் கப்பலோடு வணிகன் ஒருவன் அங்கே சேர்கிறான். தன் பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருகின்றன என்பது அவனுக்குத் தெரியும், ஊராருக்குத் தெரியாது. அதை அவன் சொல்லவேண்டுமா, சொல்லாமல் நல்ல விலைக்கு விற்றுக்கொள்ளலாமா? ஸ்தோயிக்கு ஞானியரான தியோகெனசும் அந்திபாத்தரும் இதில் வேறுபட்டனர். சொல்லாதிருப்பது வேறு, மறைப்பது வேறு என்றார் ஒருவர். சக மனிதருக்குப் பயன்படுவதை அவரிடமிருந்து ஒளிப்பது மனிதக் கூட்டுறவுக்கே ஊறு என்றார் மற்றவர். சிசரோவின் தீர்ப்பு வணிகன் சொல்லவேண்டும் என்பதே. பேசாதிருப்பது எல்லாம் மறைத்தல் ஆகாது. அறிந்துகொள்வதில் நலன் உள்ளவர் அறியாதிருக்கவேண்டுமென்று, தன் ஆதாயத்திற்காக ஒருவன் விரும்பும்போதுதான் அது மறைத்தல் ஆகிறது என்பது அவர் வகுத்த எல்லை. பல நூற்றாண்டுகளுக்குப் பின் தூய தோமா அக்குவினாசு இதே வணிகனை எடுத்துக்கொண்டு, நீதி அவனைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தாது, சொன்னால் அது மேலான நற்பண்பு என்று சற்றே தளர்த்தினார்.

மாணவப் பருவத்தில் நாம் சிசரோவின் பக்கம். எடைபோட்டவருக்கு அறிவுரை கூறியபோதும் அந்த வகுப்பறையிலிருந்துதான் பேசினோம் போலும். அந்த எடுத்துக்காட்டில் பசித்திருப்பவர் ஊரார், வயிறு நிறைந்தவன் வணிகன் என்பதை நாம் கவனிக்கத் தவறினோம். செய்தியை வைத்திருப்பவனிடம் வலிமையும் இருந்தது. கடையிலோ நிலை தலைகீழ். செய்தி தொழிலாளியிடம், சம்பளப் பெட்டியின் சாவி மற்றவரிடம். எடைபோட்டவர் எவரையும் ஏமாற்றிப் பொருள் சேர்க்க நினைக்கவில்லை. தாம் உழைக்கப்போகும் மூன்று மாதங்களுக்கு உழைப்பும் கூலியும் நிலைக்கவேண்டும் என்றே நினைத்தார். வலியவனுக்கென்று வகுத்த விதியை எளியவன் தோளில் ஏற்றிய பிழை நம்முடையது.

தொடக்கநூல் இதில் நம் ஏடுகளைவிடத் தெளிவாக இருக்கிறது. யாக்கோபு தன் மாமன் லாபானிடம் 20 ஆண்டுகள் ஊழியம் செய்தவர்: இரு மனைவியருக்காக 14, மந்தைக்காக 6. இறுதியில், லாபான் ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கப் போயிருந்த வேளையில், சொல்லாமல் கொள்ளாமல் புறப்பட்டுவிட்டார் என்பதே நம் நினைவில் நிற்கிறது. அதற்கு முந்திய அதிகாரத்தை நாம் மறந்துவிடுகிறோம். யோசேப்பு பிறந்ததும் யாக்கோபு முறைப்படி விடை கேட்டார். அதுவும் ஒரு முன்னறிவிப்புத்தான். லாபான் இனிக்கப் பேசி, உன் கூலியை நீயே சொல் என்று நிறுத்திக்கொண்டார். புள்ளியும் வரியும் உள்ள ஆடுகள் போதுமென்றார் யாக்கோபு. அன்றைக்கே லாபான் அத்தகைய ஆடுகளையெல்லாம் பிரித்து, மூன்று நாள் தொலைவுக்கு அப்பால் தன் புதல்வரிடம் ஒப்படைத்துவிட்டார். பின்னர்ப் பத்து முறை கூலியை மாற்றினார் என்பது யாக்கோபின் முறையீடு. ஒருமுறை சொல்லிப் பார்த்தவர்தான் மறுமுறை சொல்லாமல் போனார்.

அதற்காக யாக்கோபு முற்றிலும் சரியென்று அந்நூல் சொல்வதாகவும் நமக்குத் தோன்றவில்லை. ஏழு நாள் துரத்திவந்து கிலயாது மலையில் அவரைப் பிடித்த லாபான் சொல்வதைக் கேளுங்கள். மேளத்தோடும் யாழோடும் மகிழ்ந்து வழியனுப்பியிருப்பேனே, என் மக்களையும் பேரப்பிள்ளைகளையும் முத்தமிடக்கூட விடவில்லையே என்கிறார். வாழ்நாள் முழுதும் வஞ்சித்தவரின் வாயிலிருந்து வந்தாலும் அந்த வருத்தம் பொய்யன்று. இன்னொன்றும் உண்டு. இராகேல் தந்தையின் குலதெய்வச் சிலைகளைத் திருடி ஒட்டகச் சேணத்துக்குள் ஒளித்துவைத்திருந்தது யாக்கோபுக்கே தெரியாது. எவரிடம் அவை காணப்படுகின்றனவோ அவர் உயிரோடிரார் என்று அவர் சூளுரைத்தபோது, தாம் அன்பு வைத்த மனைவியின் உயிரைப் பணயம் வைத்ததையும் அறியார். ஓசையின்றிப் புறப்படும் மூட்டையில் என்னென்ன போகிறது என்பது புறப்படுகிறவருக்கே தெரிவதில்லை. அதற்குரிய பழி வேறொருவர் தலையில் விழக்கூடும்.

இந்த இடத்தில்தான் நமக்கு அக்கடையின் உதவிக் கணக்கெழுதும் பெண் நினைவுக்கு வந்தார். இருபத்திரண்டு வயது. பெரியவர் திடீரென்று நின்றால், விடுபட்ட ஒவ்வொரு பாக்கிக்கும் முதலாளி முன் பதில் சொல்ல நிற்கப்போவது அவரே.

நம் நிலையையும் இங்கே சொல்லவேண்டும். பங்குத்தந்தை 75 வயது நிறைந்ததும் ஆயரிடம் பதவி விலகலை அளிக்குமாறு 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் கேட்டுக்கொள்கிறது. அந்நாள் நமக்கும் ஆயருக்கும் இப்போதே தெரியும். அறிவிப்பதால் நம் சோறு குறையாது. ஓய்வுபெற்ற குருக்களுக்கென்று இல்லம் இருக்கிறது. திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2013 பிப்ரவரி 11 அன்று கர்தினால்கள் முன் இலத்தீனில் தம் முடிவை வாசித்தார். அம்மாதம் 28 மாலை எட்டு மணியோடு விலகினார். பதினேழே நாள். (இலத்தீன் அறிந்த நிருபர் ஒருவரே அச்செய்தியை உலகுக்கு முதலில் தந்தார் என்று படித்தபோது, குருமடத்தில் அம்மொழியை ஏய்த்ததற்காக நாம் வெட்கப்பட்டோம்.) அதற்குமுன் பல மாதங்கள் அவர் அம்முடிவை மனத்தில் ஏந்தி நடந்திருக்கிறார். அந்நாள்களில் அவர் பொய்யராக வாழ்ந்தார் என்று எவரும் சொல்லவில்லை. இத்தனைக்கும் அவரை வேலையை விட்டு நீக்க வல்லவர் பூமியில் எவருமில்லை. எடைபோட்டவரிடம் மட்டும் நாம் மறுநாளே உண்மையைக் கேட்டோம்.

குறித்த நாளில் அவர் மீண்டும் வந்தார். இரண்டு செய்திகள் சொன்னோம். முதலாவது: 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்த ஒருவரைத் தக்க காரணமின்றியும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ இன்றியும் நீக்கலாகாது என்கிறது. முதலாளி அவருக்குக் கொடுக்கவேண்டிய அதே ஒரு மாதத்தை அவரும் முதலாளிக்குக் கொடுத்தால் நீதி நிறைவேறும். அதற்கு மேல் அவர் நாவை நாம் கட்டாயப்படுத்த மாட்டோம். அதற்கிடையில் முதலாளியே நேரில் கேட்டால் மட்டும் இல்லை என்று சொல்லவேண்டாம் என்றோம். இரண்டாவது: சொல்வது எப்போதாயினும், ஒப்படைக்கும் வேலையை இன்றிரவே தொடங்கவேண்டும்.

இரண்டாவதை அவர் நாம் எண்ணியதைவிடச் சிறப்பாகப் புரிந்துகொண்டார். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினார். அது போதாமல் மற்றொன்றும் வாங்கினார். பேரேட்டில் ஏறாத கணக்கு அது. எந்தக் கிராமத்துக் கடைக்காரர் அறுவடை முடிந்தபின் கொடுப்பார், எவருக்குத் தவணை வாய்வார்த்தையில் நீட்டிக்கப்பட்டது, எந்த ஆலைச் சரக்கில் சாக்கு எடை கூடுதலாகக் கழிக்கவேண்டும், தணிக்கையாளரிடம் எந்தத் தாள்கள் இருக்கின்றன என்று எழுதினார். இளம் கணக்கரை அருகில் அமர்த்தி, காரணம் சொல்லாமலே, ஒவ்வொன்றாகப் பழக்கினார். தீபாவளி வந்தது, போனஸ் வந்தது. வாங்கும்போது கை கூசியது என்று நம்மிடம் சொன்னார். அந்தக் கூச்சத்திற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. அந்தப் பணம் அதுவரை அவர் உழைத்ததற்கு உரியது என்று மட்டும் சொன்னோம். அவர் தலையசைத்தார், ஏற்றுக்கொண்டாரா என்பது தெரியவில்லை.

மார்ச் முதல் நாள் முதலாளியிடம் சொன்னார். முதலாளி வெகுநேரம் பேசவில்லையாம். பிறகு, "34 வருடம் ஒரே கூரையின்கீழ் இருந்துவிட்டு, ஒரு மாதத்துக்கு முன்னாலா சொல்வது? நான் என்ன வேற்றாளா?" என்று கேட்டிருக்கிறார். கிலயாது மலையில் நின்ற லாபானின் குரல்தான். எடைபோட்டவரை அனுப்பிய அதே நாவா என்று நமக்குச் சினம் எழுந்தது. நம் கணக்கருக்கோ கண்ணீர் வந்திருக்கிறது. அவரை மறுநாளே நிறுத்தவில்லை. மாதம் முழுவதும் வேலை நடந்தது. கடைசி நாளில் வேட்டி துண்டும் ஓர் உறையும் கொடுத்தார்கள். உறையில் எவ்வளவு என்று நாம் கேட்கவில்லை. செப்டம்பரிலேயே சொல்லியிருந்தாலும் இப்படித்தான் நடந்திருக்குமோ? அந்த எண்ணம் அவரை இன்னும் உறுத்துகிறது. நம்மையும்தான்.

நோட்டுகள் இரண்டும் இப்போது கடையில் இருக்கின்றன. இளம் கணக்கர் சில இரவுகளில் தொலைபேசியில் அழைத்து ஏதேனும் கேட்பாராம்.

எடைபோட்டவர் பேருந்து நிலையத்தருகே ஒரு திருமண மண்டபத்தில் இரவுக் காவலாளியாக இருக்கிறார். அன்று அவரை நீக்கியபோது, அதே 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு மாதச் சம்பளம் கேட்க அவருக்கு உரிமை இருந்தது. அவர் வந்த நாளில் அது நமக்குத் தெரியாது. தெரிந்துகொண்ட பின்பும், ஞாயிறுதோறும் அவரைப் பார்க்கிறோம், இன்னும் சொல்லவில்லை.