பயன் எய்தாத உழைப்பு வீணா?

கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கு அருகில் அமைந்தது கச்சிராயபாளையம். கல்லூரிச் சேர்க்கைக் காலம் வந்தால், எங்கும் போல் இங்கும் சில இல்லங்களில் துயரக் குரல் எழும். ஒன்றாகப் பயின்ற இருவரில் ஒருவருக்கு இடம் கிடைத்துவிடும். மற்றவர் பெயர் காத்திருப்போர் பட்டியலிலேயே நின்றுவிடும். "பட்ட பாடெல்லாம் வீண்தானே?" எனப் பெற்றோர் கலங்குவர். இவ்வினாவுக்கு விடை தேடுங்கால் நம் நினைவுக்கு வருபவர் ரவீஷ் மல்ஹோத்ரா.

1982-ஆம் ஆண்டில் இந்திய விமானப்படையினர் இருவர் விண்வெளிப் பயணத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒருவர் ஸ்குவாட்ரன் லீடர் ராகேஷ் சர்மா. மற்றவர் விங் கமாண்டர் மல்ஹோத்ரா. பதவியில் மூத்தவர் மல்ஹோத்ராவே. மாஸ்கோவை அடுத்த நட்சத்திர நகரில் இருவரும் ஒரே பயிற்சியை மேற்கொண்டனர். ரஷ்ய மொழியும் கற்றனர். ஆனால் 1984 ஏப்ரல் 3-ஆம் நாள் சோயுஸ் டி-11 கலத்தில் ஏறியவர் சர்மா. மாற்று வீரரான மல்ஹோத்ரா தரையிலேயே நின்றார். சர்மாவுக்கு அசோகச் சக்கரமும், இவருக்கு அதற்கு அடுத்ததான கீர்த்திச் சக்கரமும் வழங்கப்பெற்றன. பின்னர் ஏர் கமோடோராக ஓய்வு பெற்றார். விண்ணேறும் வாய்ப்பு அவருக்கு வரவேயில்லை.

மாற்று வீரரின் நிலையைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். முதல்வருக்கு நோயோ காயமோ நேர்ந்தாலன்றி இவருக்கு வழி திறவாது. ஆதலின், 'எனக்கு வாய்ப்பு வேண்டும்' என்னும் ஆசை வரம்பு மீறினால், 'அவருக்குக் கேடு வரட்டும்' என்னும் எண்ணமாகிவிடும். மனத்தால் தீங்கு நினைப்பதும் இம்சையே என்பது நாம் அறிந்த அறம். தன் முழு உழைப்பையும் தந்துவிட்டு, தோழர் நலமே சென்று மீள வேண்டுமென விரும்புவது எத்துணை அரிய நோன்பு!

இது தோற்றவருக்குக் கூறும் ஆறுதலே எனச் சிலர் கருதலாம். ஏமாற்றம் மெய்யே, மறுப்பதற்கில்லை. ஆயினும், இரவெல்லாம் காவலன் விழித்திருக்கக் கள்வன் வாராவிடில், அவ்விழிப்பை வீணென்போமா? மாற்று வீரர் ஆயத்தமாக நிற்பதனாலேயே, ஒருவர் உடல்நலம் குன்றினும் பயணம் நில்லாது என்னும் உறுதி பிறக்கிறது. 2025 ஜூன் 25 அன்று சுபான்ஷு சுக்லா விண்ணேறியபோதும், பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர் அவ்வாறே மாற்று வீரராக நின்றார்.

காத்திருப்போர் பட்டியலில் உள்ள பிள்ளைக்கும் பிறர் விலகினாலன்றி இடமில்லை. அவன் கற்ற கல்வி அவனை விட்டு நீங்காது. இடம் பெற்ற தோழனை மனமார வாழ்த்தவும் அவன் கற்பானாயின், அவ்வுழைப்பு வீணன்று. அதைக் கற்பிப்பது பெற்றோராகிய நம் கடமை.