தன்னையே வலம்வரும் இறைவன்

திருவண்ணாமலையில் கருவறை லிங்கம் மட்டுமன்று, 2,668 அடி உயர மலையே சிவன் என்பது சைவ நம்பிக்கை. அப்படியானால், எங்கும் நிறைந்தவனை 14 கி.மீ. கிரிவலப் பாதையில் நடந்து சுற்றிவிட முடியுமா? சித்திரைப் பௌர்ணமியில் பகல் சூடு தணியாத சாலையில் கூட்டம் நடக்கிறது. ஐப்பசியில் மழையில் நனைந்தபடி. கார்த்திகையில் உச்சியில் மகாதீபம். விந்தை அதற்குப் பிறகுதான்: தீபம் முடிந்தும், தை மாதத் திருவூடல் விழாவை ஒட்டியும் உற்சவர் அண்ணாமலையாரே கிரிவலம் வருகிறார். மலையும் அவரே, சுற்றுபவரும் அவரே. தர்க்கம் இதை முரண் என்னும். சடங்கு அதைப் பொருட்படுத்துவதில்லை. 'நான் யார்' என்னும் ஆன்ம விசாரத்தைக் கற்பித்த ரமணரும் கிரிவலத்தைப் போற்றினார். 1896இல் இங்கு வந்த அவர், 1950இல் மறையும்வரை அண்ணாமலையை விட்டு நீங்கவில்லை.