யார் முறை?

அமெரிக்காவின் மெய்ன் கரையை ஒட்டி கிரேட் டக் என்று ஒரு சின்னத் தீவு. லீச் பெட்ரல் என்னும் கடற்பறவை அங்கே மண்ணைக் குடைந்து வளைக்குள் முட்டையிடும். வருஷத்துக்கு ஒரே முட்டை. அடைகாக்கத் தொடங்கிய நாட்களில் ஆள் போய்த் தொல்லை கொடுத்தால் கூட்டையே கைவிட்டுவிடக்கூடும். அதனால் 2002-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தாரும் இன்டெல் ஆய்வகத்தாரும் 32 கம்பியில்லா உணரிகளைத் தீவில் வைத்தார்கள், சிலவற்றை வளைக்குள்ளேயே. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பென்சில் பேட்டரி. சுவர்க்கடிகாரத்துக்குப் போடுகிறோமே, அதே சைஸ்.

பேட்டரி மாற்றப் போனாலும் தொல்லைதான். ஒன்பது மாதம் தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். 2200 மில்லி ஆம்பியர்-மணியை 270 நாளுக்குப் பங்கிட்டால், நாளுக்கு எட்டுச் சொச்சம். ரேடியோவைத் திறந்தே வைத்தால் அந்த எட்டு இரண்டு மணி நேரம்கூட வராது. பேசினால்தான் செலவு என்று நினைப்போம். யாராவது கூப்பிடுவார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு சும்மா கிடப்பதற்கும் செலவு உண்டு!

ஆகவே தூங்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பது வேலையைப் பொறுத்தது. வளையின் வெப்பம் மெல்லத்தான் ஏறி இறங்கும். நிமிடத்துக்கு ஒரு தரம் கண் விழித்துப் பார்த்தால் தாராளம். காட்டுத்தீயைப் பார்க்க வைத்த உணரி அரைமணி நேரம் குறட்டை விட்டால் பேட்டரி மிஞ்சும், காடு மிஞ்சாது.

எல்லாரும் தூங்கினால் சேதியைச் சேர்ப்பது யார்? 2000-ல் எம்.ஐ.டி.யில் வெண்டி ஹைன்சல்மனும் கூட்டாளிகளும் ஒரு வழி சொன்னார்கள். பக்கத்துப் பக்கத்து உணரிகள் கூட்டமாகச் சேரும். ஒன்று தலைமை ஏற்கும். மற்றவை தம் நேரம் வந்ததும் அதனிடம் சொல்லிவிட்டு உறங்கிப்போகும். அது எல்லாவற்றையும் சுருக்கித் தொலைவிலுள்ள நிலையத்துக்கு அனுப்பும். பேட்டரியை உறிஞ்சுவது இந்த வேலைதான். ஒன்றையே தலைமையில் உட்கார வைத்தால் அது முதலில் சாகும், கூட்டமே ஊமையாகும். (நம் வீட்டுச் சமையலறையில் அந்த ஒன்று யார் என்று சொல்ல வேண்டியதில்லை.) அதனால் சுற்றுக்குச் சுற்று தலைமை மாறும். ஒரு தரம் சுமந்தது, மற்றவை சுமந்து முடிக்கும்வரை மறுபடி சுமக்க வேண்டாம்.

அந்த ஏற்பாட்டின் சுருக்கப் பெயரும் லீச். பறவைக்கும் அதற்கும் உறவு கிடையாது, எழுத்து ஒத்துப்போனது தற்செயல். ஆனால் பறவையும் அப்படித்தான் செய்கிறது. ஜோடியில் ஒன்று வளைக்குள் முட்டைமேல் பட்டினி கிடக்கும். மற்றது கடலில் மேயும். சில நாள் கழித்து, நன்றாக இருட்டியபின் அது திரும்பி வந்து வளைக்குள் நுழையும். உள்ளே இருந்தது எழுந்து கடலுக்குப் போகும்.