காட்டுக்கு ஈடு

கிரேட் நிக்கோபார் தீவின் தெற்கே கலத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டகத் துறைமுகமும், அதனையடுத்து விமான நிலையமும் மின் நிலையமும் நகரமும் அமைப்பதற்காக ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் வனத்தை விட்டுக்கொடுக்க 2022ஆம் ஆண்டில் மத்திய அரசு இசைந்தபோது, அதற்கு ஈடாகத் தொலைதூர ஹரியானாவில் மரம் வளர்க்கப்படும் என்ற ஏற்பாடும் உடன் வந்தது. காகிதத்தில் கணக்கு நேராகிவிட்டது.

திட்டத்தை வேண்டுவோரின் வாதம் அற்பமானதன்று. மலாக்கா நீரிணைக்குச் செல்லும் கப்பற்பாதை அத்தீவின் அருகே ஓடுகிறது. கொழும்பிலும் சிங்கப்பூரிலும் கப்பல் மாறும் நம் பெட்டகங்களுக்காக நாம் கொடுக்கும் கூலியும், அக்கடலைக் காக்கும் பொறுப்பும் தேச க்ஷேமத்தைச் சேர்ந்தவையே. துறைமுகமே வேண்டாமென்று எந்த நாடும் விரதம் பூண இயலாது.

ஆயினும் நஷ்டஈடு என்பது இழந்தவன் கையிற் சேரும்போதுதான் நியாயமாகும். இழந்தவன் ஒருவனாகவும் பெறுபவன் வேறொருவனாகவும் இருந்தால் அதை எந்த நியாயஸ்தலமும் ஒப்பாது. சருகையும் மணலையும் மேடாகக் குவித்து, அம்மேட்டின் வெப்பத்தாலேயே முட்டைகளைப் பொரியச் செய்வதும், நிக்கோபார்த் தீவுகளையன்றி வேறெங்கும் வாழாததுமான நிக்கோபார் மெகபோடுப் பறவைக்கு ஹரியானாவின் மரத்தால் என்ன பிரயோஜனம்? ஆமைகளுள் மிகப் பெரியதான தோல்முதுகு ஆமை முட்டையிட வரும் கலத்தியாக் கரையின் சரணாலயமோ, 2021இலேயே அந்த அந்தஸ்தை இழந்துவிட்டது. மனிதர் நிலையும் இதனின் வேறன்று. 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்கு முன் தாம் வாழ்ந்த நிலமும் திட்டத்துள் அடங்குவதை அறிந்த நிக்கோபாரியரின் பழங்குடி மன்றம், முன்பு தந்த இசைவை 2022 நவம்பரில் திரும்பப் பெற்றது. அவர்களேனும் மறுத்துரைக்க வல்லவர்கள்; அக்காட்டுக்குள் சில நூறு பேராக, வெளியுலகத் தொடர்பைப் பெரிதும் விலக்கி வாழும் ஷோம்பென் மக்களுக்கோ, சம்மதம் என்ற பெயரில் எதைப் படித்துக் காட்டுவது? பேசாதிருப்பவன் ஒப்பினான் என்று கொள்வது பலவானுக்கு வசதியான தர்க்கம்.

சரக்கின் பொருட்டென்றால், கப்பல் மாற்றுவதற்கென்றே அமைந்த விழிஞ்ஞம் துறைமுகம் 2025இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டிருக்கிறது. காவலின் பொருட்டென்றால், கிரேட் நிக்கோபாரின் காம்பெல் விரிகுடாவில் 2012 முதலே கடற்படைத் தளம் இருக்கிறது. அது போதாதெனில் விரிக்கலாம், அதற்கு இவ்வளவு வனம் அழிய வேண்டுவதில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி சுமார் 8,000 பேரே வாழ்ந்த தீவில் லட்சக்கணக்கானோரைக் குடியேற்றும் நகரம் எந்தக் காவலுக்காக எழுகிறது என்பதை, அதை வகுத்தோர் இன்னும் தெளிவாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.