ஒரு விரற்கடை மண்

சோழவரம் ஏரியில் தண்ணீர் இறங்கும்போது கரையோரச் சேறு பச்சை கட்டுகிறது. விதைத்தவர் யாருமில்லை. கோரையும் கரிசலாங்கண்ணியும் முன்பே அங்கே கிடந்தவை. தண்ணீர் விலகி, காற்றும் வெளிச்சமும் பட்டதும் எழுந்துகொண்டன.

ஈரமும் சூடும் கிடைத்தால் விதை முளைத்துவிடும் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். கரிசலாங்கண்ணிக்கு அது போதாது. இருட்டில் வைத்தால் எத்தனை ஈரம் காட்டினாலும் முளைப்பதில்லை. அரை சென்டிமீட்டர் மண்ணைத் தூவி மூடினாலே தலைகாட்டாது. பருப்புக்கீரை இரண்டு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் அடங்கிவிடும். பார்த்தீனியமும் மேல்மண்ணில் கிடந்தால்தான் ஆட்டம் போடும்.

கஞ்சத்தனமான ஏற்பாடுதான், ஆனால் நியாயமானது. ஆயிரம் நெல்மணி இருபது கிராமுக்கு மேல் நிற்கும். ஆயிரம் குப்பைக்கீரை விதை ஒரு கிராம்கூட வராது. கட்டுச்சோறு அவ்வளவுதான். ஆழத்தில் கிளம்பினால் மேலே வருவதற்குள் தீர்ந்துபோகும். மண்ணுக்குள் வெளிச்சம் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். ஆகவே வெளிச்சம் தெரிகிறது என்றால் மேற்பரப்பு பக்கத்தில் இருக்கிறது. விதைக்குக் கிடைக்கும் முக்கியமான அளவுகோல் இது.

1952-இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வுக்கூடத்தில் லெட்யூஸ் கீரை விதைகளை வைத்து, விதை வெளிச்சத்தை உணரும் விதத்தைப் பிடித்தார்கள். சிவப்பு ஒளி காட்டினால் முளைக்கிறது; அதற்கும் அப்பாற்பட்ட தொலைசிவப்பு ஒளி காட்டினால் மறுபடி உறங்குகிறது. மாற்றி மாற்றிக் காட்டினால், கடைசியில் கண்டது எதுவோ அதற்கே கட்டுப்படுகிறது. இலைகள் சிவப்பைக் குடித்துவிட்டுத் தொலைசிவப்பைக் கீழே விடுகின்றன. பயிர் அடர்ந்த வயலில் களை குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். மேலே ஆள் இருக்கிறது என்று விதைக்குத் தெரிந்துவிடுகிறது.

உழவை நினைக்கும்போதுதான் சங்கடம். மண் புரளும் அந்த ஒரு கணத்தில் படும் வெளிச்சமே பல விதைகளுக்குப் போதும். அப்புறம் மறுபடி புதைந்தாலும் எழுந்தது எழுந்ததுதான். இதை நம்பி ஜெர்மனியில் கார்ல் ஹார்ட்மன் 1990-ஐ ஒட்டி இரவில் உழுது பார்த்தார். களை வெகுவாகக் குறைந்தது. பிறர் செய்தபோது பலன் ஒரே சீராக வரவில்லை. கோரைக்கிழங்குக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை, அது எந்த இருட்டிலிருந்தும் வரும்.

புதைந்தது செத்துவிடுவதும் இல்லை. வில்லியம் பீல் 1879-இல் மிச்சிகனில் இருபது புட்டிகளில் விதையும் மணலும் நிரப்பிப் புதைத்தார். 2021-இல் ஒன்றை இரவில், வெளிச்சம் படாமல் பார்த்துக்கொண்டு தோண்டினார்கள். 140-க்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பிறகும் சில முளைத்தன.

சோழவரம் பக்கம் மண் சும்மா இருப்பதே இல்லை. நெடுஞ்சாலையோரம் கிடங்குகளுக்கும் மனைகளுக்கும் லாரி லாரியாகப் போகிறது. எங்கோ ஆழத்தில் கிடந்தது இங்கே மேலே வந்துவிடுகிறது. புதிதாக மேடாக்கிய மனையில் முதல் மழைக்கே பார்த்தீனியம் வெள்ளையாகப் பூத்து நிற்பதைப் பார்த்து, காற்றில் வந்தது என்கிறோம். பாதிக்கு மேல் லாரியில் வந்தது என்பது என் எண்ணம். ஏரி வண்டலும் அப்படித்தான்: உரத்தோடு விதையும் சேர்ந்தே வயலுக்கு வருகிறது.

கீரைப் பாத்திக்காரர்களுக்குத்தான் கஷ்டம் அதிகம். நெல்லை ஆழமாகப் போட்டுத் தப்பிக்கலாம். தண்டுக்கீரை விதையும் பொடி. அதையும் மேலாகத்தான் தூவவேண்டும். களையும் கீரையும் ஒரே விரற்கடையில் ஒரே நாளில் எழுகின்றன. பிரித்தெடுப்பது குந்தி உட்கார்ந்து களை பறிக்கும் பெண்களின் விரல்கள்தான்.

அவர்கள் இடுப்புக்காகவாவது ஒன்று செய்யலாம். பாத்தி கட்டியதும் விதைக்காமல் ஒருமுறை தண்ணீர் விடுங்கள். களை முளைத்ததும் மேலோடு சுரண்டி எடுத்துவிட்டு விதையுங்கள். சுரண்டும்போது ஆழமாக மட்டும் கொத்தாதீர்கள்.